புதிய அணிக்குத் தடுப்பாட்டம்: எஃப்ஆர்சி ரோபோ போட்டிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் ஆண்டு களமிறங்கும் ரோபோ அணிகளில் பல ஒரே பள்ளத்தில் விழுகின்றன. ஜனவரியில் அந்த ஆண்டின் விளையாட்டு அறிவிக்கப்பட்டதும், எல்லாவற்றையும் செய்யும் ஒரு ரோபோவைத் தாளில் வரைந்துவிடுகிறார்கள். தரையிலிருந்து பொருளை எடுக்க வேண்டும், தூரத்திலிருந்து எறிய வேண்டும், கடைசி நொடிகளில் சங்கிலியில் தொங்கவும் வேண்டும். மார்ச்சில் அரங்கிற்கு வந்து சேரும்போது எறியும் கருவி பாதி முறை தவறுகிறது. எடுக்கும் கருவி சிக்கிக்கொள்கிறது. அடியில் இருக்கும் ஓடுதளம், அதாவது சக்கரங்களும் மோட்டார்களும் கொண்ட அடிப்பகுதி, மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. அந்த ஓடுதளத்தை வைத்தே ஆட்டத்தின் போக்கை மாற்றலாம் என்று உரிய நேரத்தில் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் காம்பெட்டிஷன், சுருக்கமாக எஃப்ஆர்சி. டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் 28 அணிகளுடன் இதை முதன்முதலாக நடத்தியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான போட்டி இது. சுமார் 16.5 மீட்டர் நீளமும் 8.2 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் சிவப்புக் கூட்டணியும் நீலக் கூட்டணியும் மோதும். ஒவ்வொன்றிலும் மூன்று ரோபோக்கள். தகுதிச் சுற்றில் கூட்டணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொண்டே இருக்கும். விளையாட்டும் ஆண்டுதோறும் புதிது. அதனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டை உதாரணமாகப் பிடித்துக்கொண்டால்தான் பேச்சு தெளிவாகும். 2024இன் கிரெசெண்டோ விளையாட்டைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

தடுப்பாட்டம் என்றதும் மோதிக் கவிழ்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே நாம் பறிப்பது எதிரணியின் நேரத்தைத்தான். எத்தனை நொடி பறித்தோம், அந்த நொடிகளுக்கு எத்தனை புள்ளி மதிப்பு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த அணிதான் நல்ல தடுப்பாட்டம் ஆடும்.

கிரெசெண்டோவில் நோட் எனப்படும் ஆரஞ்சு நிற நுரை வளையங்களை ஸ்பீக்கர் என்ற உயரமான இலக்கில் எறிய வேண்டும். மாணவர்கள் ரோபோவை ஓட்டும் நேரத்தில் ஒரு நோட்டுக்கு 2 புள்ளி. ஆம்ப் என்ற தாழ்வான இலக்கில் போட்டால் 1 புள்ளிதான். ஆனால் அங்கே இரண்டு நோட் சேர்ந்ததும் களத்தின் ஓரம் நிற்கும் மாணவர் ஒரு பொத்தானை அழுத்தலாம். அழுத்திய பின் 10 வினாடிக்கு, அதிகபட்சம் 4 நோட் வரை, ஸ்பீக்கரில் விழும் ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி.

ஆட்டம் மொத்தம் 2 நிமிடம் 30 வினாடி. முதல் 15 வினாடி ரோபோக்கள் தாமாக இயங்கும். மிச்சமிருக்கும் 135 வினாடியில் கடைசி 20, களத்தில் இருக்கும் மேடையின் சங்கிலியில் தொங்குவதற்குப் போய்விடும். ஆக, எறிவதற்குக் கிடைப்பது சுமார் 115 வினாடி. எதிரணியின் நல்ல ரோபோ ஒன்று, நோட்டை எடுத்து வந்து எறிந்துவிட்டுத் திரும்ப, ஒரு நடைக்கு 10 வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 நோட். நீங்கள் குறுக்கே நின்று ஒரு நடையை 14 வினாடியாக இழுத்துவிட்டால் 8 நோட்தான். மூன்று நோட் போனது. சாதாரண நேரத்தில் அது 6 புள்ளி. மூன்றும் அந்த 5 புள்ளி நேரத்தில் விழ வேண்டியவை என்றால் 15 புள்ளி.

இப்போது உங்கள் பக்கத்தைப் பாருங்கள். ஒரு நடைக்கு 30 வினாடி எடுத்து, இரண்டில் ஒன்று தவறும் புதிய ரோபோ அதே 115 வினாடியில் நான்கு முறை எறியக்கூட முடியாது. விழுவது இரண்டு என்றால் 4 புள்ளி. மறித்து நின்றால் கிடைப்பது 6 முதல் 15 வரை. எண்கள் என் கற்பனைதான். ஆனால் இந்தக் கணக்கை உங்கள் சொந்த ரோபோவின் உண்மையான எண்களை வைத்துப் போட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். உங்கள் ரோபோ நன்றாக எறிகிறது என்று கணக்கு சொன்னால், எறியுங்கள். தடுப்பாட்டத்தை விட்டுவிடுங்கள்.

கணக்கில் மறுபக்கம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு ஒரு ஃபவுலுக்கு எதிரணிக்கு 2 புள்ளியும், டெக் ஃபவுல் என்ற பெரிய தவறுக்கு 5 புள்ளியும் போனது. ஒரு டெக் ஃபவுலும் ஒரு ஃபவுலும் செய்தாலே 7 புள்ளி. பாடுபட்டுப் பறித்த 6 புள்ளியைவிட அதிகம். தவறில்லாமல் ஆடுவது இங்கே நற்பண்பு மட்டுமல்ல, பிழைப்பே அதுதான்.

படி 2: விதிக் கையேட்டைத் தடுப்பாளரின் கண்ணால் படியுங்கள்

விளையாட்டு மாறும்போது தடுப்பாட்டத்துக்கான இடமும் மாறும். 2015இன் ரீசைக்கிள் ரஷ்ஷில் இரு கூட்டணிகளும் களத்தின் நடுவில் இருந்த மேடையால் பிரிக்கப்பட்டிருந்தன. எதிரணி ரோபோவிடம் போய் மறிக்கவே வழியில்லை. 2019இன் டீப் ஸ்பேஸில் எதிரணியின் பகுதிக்குள் ஒரே நேரத்தில் ஒரு ரோபோ மட்டுமே போய்த் தடுக்கலாம் என்று விதி இருந்தது. ஆகவே போன ஆண்டு பார்த்ததை நம்பித் திட்டம் போடக் கூடாது.

கையேடு வந்த அன்றே ஒருவரைத் தனியாக உட்காரவைத்து, கீழே சொல்பவற்றுக்கு மட்டும் விடை தேடச் சொல்லுங்கள்.

முடக்கிப் பிடித்தல், அதாவது பின்னிங், எத்தனை வினாடி வரை அனுமதி? கிரெசெண்டோவில் 5 வினாடி. அடுத்த ஆண்டு ரீஃப்ஸ்கேப்பில் அது 3 ஆகக் குறைந்தது. எதிரணி ரோபோ நகர முயலும்போது, நேரடியாகவோ களத்தின் ஏதாவது பகுதியோடு சேர்த்து நெருக்கியோ அதை நகரவிடாமல் செய்தால் அது பின்னிங். எண்ணிக்கையை நிறுத்த, இரு ரோபோக்களும் ஏறக்குறைய 1.8 மீட்டர் விலகி 3 வினாடிக்கு மேல் அப்படியே இருக்க வேண்டும். சற்றுப் பின்வாங்கி உடனே திரும்ப முட்டினால் பழைய எண்ணிக்கை தொடரும். புதிய ஓட்டுநர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

எந்தெந்த இடத்தில் எதிரணியைத் தொடவே கூடாது? கிரெசெண்டோவில் நோட் எடுக்கும் சோர்ஸ் பகுதியும், ஆம்ப் பகுதியும் பாதுகாக்கப்பட்டவை. போடியம் என்ற கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ரோபோவையும் தொடக் கூடாது. கடைசி 20 வினாடியில் தொங்கும் மேடைப் பகுதியும் அப்படித்தான். களத்தின் படத்தில் இவற்றைச் சிவப்பு மையால் நிரப்புங்கள். வெள்ளையாக மிஞ்சுவதுதான் உங்கள் ஆடுகளம்.

இரண்டு ரோபோக்கள் சேர்ந்து மறிக்கலாமா? ஒரு ரோபோவை மறிப்பதில் சிக்கல் இல்லை; ஆனால் கூட்டாளிகளுடன் சேர்ந்து எதிரணிக்கு ஆட்டத்தின் ஒரு முக்கியப் பகுதியையே அடைத்துவிட்டால் தண்டனை உண்டு.

ரோபோவைச் சுற்றியிருக்கும் மெத்தைக் காப்பான பம்பருக்கு உள்ளே தொட்டால் என்ன? உங்கள் ரோபோவின் கை நீண்டுபோய் எதிரியின் சட்டகத்துக்குள் பட்டால் ஃபவுல். வேண்டுமென்றே கவிழ்ப்பதும் சேதப்படுத்துவதும் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை வரை போகும். தகுதிச் சுற்றுக்குப் பிறகு கூட்டணிகள் நிலையாகிவிடும் பிளே ஆஃப் சுற்றில் அட்டை கூட்டணி முழுவதற்கும் பொருந்தும். உங்களை நம்பிச் சேர்த்துக்கொண்ட இரண்டு அணிகளும் உங்களோடு சேர்ந்து தண்டனை வாங்கும். அதை ஓட்டுநர் மனத்தில் ஆழப் பதிய வைக்க வேண்டும்.

படி 3: ஓடுதளத்தை மறிப்பதற்காகக் கட்டுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள். புதிய அணிக்கு உதிரிபாகப் பெட்டியில் வரும் ஆண்டிமார்க் நிறுவனத்தின் ஓடுதளம், ஆறு சக்கரமும் சற்றுத் தாழ்ந்த நடுச் சக்கரமும் கொண்டது. அதைக் கேவலமாக நினைப்பவர்கள் உண்டு. ஸ்வெர்வ் எனப்படும், நான்கு சக்கரமும் தனித்தனியே எந்தத் திசைக்கும் திரும்பும் ஓடுதளம் இல்லாவிட்டால் போட்டியே இல்லை என்று அவர்கள் சொல்வார்கள். எறியும் ரோபோவுக்கு அது ஓரளவு உண்மை. மறிக்கும் ரோபோவுக்கு அந்த எளிய ஆறு சக்கரம் உண்மையிலேயே நல்ல துணை. காரணம் சொல்கிறேன்.

ஸ்வெர்வ் பக்கவாட்டில் நகரும். ஆறு சக்கரத் தளம் நகராது. பக்கவாட்டில் தள்ளினாலும் அதன் சக்கரங்கள் உருளாது, தரையைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆகவே எதிரி வரும் பாதைக்குக் குறுக்காக, உங்கள் பக்கவாட்டை அவனுக்குக் காட்டி நின்றால் நீங்கள் ஒரு சுவர். அவன் இடப்புறம் ஒதுங்கினால் நீங்கள் முன்னே போகிறீர்கள். வலப்புறம் ஒதுங்கினால் பின்னே வருகிறீர்கள். திரும்பவே தேவையில்லை. முன் பின் ஓடுவது மட்டுமே தெரிந்த வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை: மூலைகளில் ஓம்னி சக்கரம் போடாதீர்கள். திரும்புவது எளிதாகும் என்று சிலர் போடுவார்கள். பக்கவாட்டில் உருளும் சக்கரம் மூலையில் இருந்தால், எதிரி அந்த மூலையைத் தட்டினாலே ரோபோ சுழன்றுவிடும். மெக்கானம் சக்கரமும் அதே காரணத்தால் வேண்டாம். நல்ல பிடிமானமுள்ள ரப்பர் மேற்பரப்பு போதும். தேய்ந்தால் மாற்ற ஒரு தொகுதி கையிருப்பில் இருக்கட்டும்.

அடுத்தது எடை. தள்ளுமுள்ளில் மோட்டார் எவ்வளவு வலுவானாலும், சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அதன் பலம் வீண். தரையில் பிடிமானம் எடையைப் பொறுத்தது. 2024இல் பம்பரும் பேட்டரியும் இல்லாமல் 125 பவுண்டு, அதாவது சுமார் 56.7 கிலோ வரை அனுமதி. 2025இல் அது 115 பவுண்டாக, சுமார் 52 கிலோவாகக் குறைந்தது. எளிய ரோபோ பெரும்பாலும் 40 கிலோவுக்குள் முடிந்துவிடும். மிச்சத்தை விட்டுவிடாதீர்கள். தளத்தின் அடியில், முடிந்த அளவு தாழ்வாக, இரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். எடை கீழே இருந்தால் கவிழும் பயமும் குறையும். எடை சேர்த்த பிறகு மறுபடி சோதனைக்குக் காட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வேகம் எவ்வளவு வேண்டும்? பெட்டியில் வரும் டஃப்பாக்ஸ் மினி கியரின் 10.71 விகிதத்தில், 6 அங்குலச் சக்கரத்தோடு சிம் மோட்டார் போட்டால் சுமையில்லாத கணக்கில் வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வரும். களத்தில் அதைவிடக் குறையும். நல்ல ஸ்வெர்வ் ரோபோ இதை முந்திவிடும். அதற்காகக் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினால் தள்ளும் பலம் குறையும், மின்சாரத்தை இழுப்பதும் ஏறும். என் கருத்து: விகிதத்தைத் தொடாதீர்கள். வேகத்தில் தோற்பதை நிற்கும் இடத்தால் ஈடுகட்டலாம்.

மின்சாரம் பற்றி இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு சிம் மோட்டார் நகர முடியாமல் திணறி நிற்கும்போது 131 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கும் திணறினால் 500ஐத் தாண்டும். ரோபோவின் முதன்மை பிரேக்கரோ 120 ஆம்பியருக்கானது. அது சில வினாடி தாங்கும். தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தால் விழுந்துவிடும், ரோபோ களத்தின் நடுவில் செத்து நிற்கும். அதற்கு முன்பே 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் சரியும். முதல் தலைமுறை ரோபோரியோ கட்டுப்பாட்டுக் கணினியில் 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டார்களுக்கான வெளியீடு தானாக நின்றுவிடும். ரோபோ விக்கி விக்கி நகர்வதைப் பார்த்தால் இதுதான் காரணம். மென்பொருளில் ஒவ்வொரு மோட்டாருக்கும் மின்னோட்ட வரம்பு வையுங்கள். 40 ஆம்பியரில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். மோட்டார்களை பிரேக் நிலையில் வையுங்கள். கையை எடுத்ததும் ரோபோ அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுதாக ஏற்றிய பேட்டரி என்பது மறிக்கும் ரோபோவுக்குக் கட்டாயம்.

வயர்களை இழுத்துப் பாருங்கள். மோதலில் ரேடியோவின் மின்வயர் ஒரு கணம் விட்டுப் பிடித்தாலும் அது திரும்ப இயங்க அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை நீங்கள் வெறும் இரும்புக் குவியல். பேட்டரி முனைகளின் நட்டுகள் விரலால் அசையக் கூடாது. பேட்டரி சுமார் 6 கிலோ. அதைக் கட்டும் பட்டை ரோபோ தலைகீழானாலும் தாங்க வேண்டும்.

பம்பர் கடைசி, ஆனால் குறைவானதல்ல. பலகையும் நுரைக் குழாயும் துணியும் சேர்ந்த இந்தப் பொருளைக் கடைசி இரவில் தைக்கும் அணிகள் உண்டு. ஆட்டத்தின் நடுவில் ஒரு பகுதி கழன்று விழுந்தால் ரோபோவை நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேர் பிடித்துத் தொங்கினாலும் பிடுங்கி வராத அளவுக்குத் தாங்கிகள் இருக்கட்டும்.

படி 4: ஓட்டுநரைத் தயார் செய்யுங்கள்

ஒரே ஓட்டுநர், பருவம் முழுவதும். எல்லாருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்ற நல்லெண்ணம் பயிற்சி அறையில் இருக்கட்டும். களத்தில் கைப்பழக்கம்தான் பேசும்.

இரண்டாவது ரோபோ இல்லாத அணியும் பயிற்சி செய்யலாம். தரையில் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகளை வைத்து, நடுவே ஒரு கோடு ஒட்டுங்கள். ரோபோவின் பக்கவாட்டு ஒருவரைப் பார்த்தபடி அந்தக் கோட்டின்மேல் நிற்கட்டும். அவர் தூரத்தில், தடுப்புக்கு வெளியே நின்று கையை இடமும் வலமும் காட்டுவார். ரோபோ கோட்டைவிட்டு விலகாமல் அதே பக்கம் போய் நிற்க வேண்டும். அடுத்து, ரோபோவின் முகம் ஓட்டுநரைப் பார்த்திருக்கும்போது அதையே செய்யுங்கள். இடம் வலமாக மாறும் அந்தக் குழப்பம் கையிலிருந்து மறையும் வரை செய்யுங்கள். பிறகு 15 மீட்டர் தள்ளி நின்று செய்யுங்கள். களத்தின் மறுகோடியில் ரோபோ எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பது அப்போதுதான் புரியும். ரோபோ ஓடும்போது யாரும் அதன் பாதையில் நிற்கக் கூடாது, ஒரு நொடிக்கும்.

பக்கத்து அணி ஒன்றிடம் ரோபோ இருந்தால் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். அவர்களுக்கும் மறிப்பவரைச் சமாளிக்கும் பயிற்சி தேவை, மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் நிற்கும் களப் பயிற்சியாளரின் வேலையையும் இப்போதே பழக்குங்கள். தொடுதல் தொடங்கியதும் அவர் வாய்விட்டு எண்ண வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, விடு! கிரெசெண்டோ போல ஐந்து வினாடி அனுமதி என்றாலும் மூன்றில் விட்டுவிடுவது நல்லது. நடுவரின் எண்ணிக்கை உங்களுடையதைவிட வேகமாக இருந்தால் வாதாட முடியாது.

படி 5: எங்கே நிற்பது?

கபடியில் பிடிப்பவர்கள் பாடி வருபவரின் பின்னால் ஓடுவதில்லை. அவர் திரும்பும் வழியை மறிக்கிறார்கள். இங்கும் அதேதான். வேகமான ரோபோவைத் துரத்தினால் ஆட்டம் முழுக்க அதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். அது போக வேண்டிய இடத்துக்கும் அதற்கும் நடுவே முன்கூட்டியே போய் நில்லுங்கள்.

கிரெசெண்டோ களத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் சிவப்பு. நீல ரோபோ நோட் எடுக்கும் சோர்ஸ் மூலை, உங்கள் ஓட்டுநர்கள் நிற்கும் கோடியில்தான் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிக் களத்தின் நீளம் முழுவதையும் கடந்து நீல ஸ்பீக்கருக்கு அது போக வேண்டும். புதிய அணிகள் உடனே நீல ஸ்பீக்கர் பக்கம் ஓடிவிடும். அது 16 மீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் இரண்டு மேடைகள் கண்ணை மறைக்கும். அங்கே நிகழும் மோதலில் எது யாருடைய பம்பர் என்பதே தெரியாது. அங்கே போடியத்தைத் தொட்டுவிட்டால் நீல ரோபோவுக்குப் பாதுகாப்பும் கிடைத்துவிடும்.

இந்தப் பக்கமே நில்லுங்கள். சோர்ஸ் பகுதியின் எல்லைக் கோட்டுக்கு வெளியே, ஒரு ரோபோ நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டு. எல்லையை ஒட்டி நின்றால் எதிரி உள்ளிருந்து வந்து உங்கள்மேல் லேசாகப் பட்டாலும் ஃபவுல் உங்களுக்கு வரலாம்; சில அணிகள் அதற்காகவே வந்து படும். நோட் ஏறிய ரோபோ வெளியே வரும்போது அதன் முன்னே இரண்டு வழிகள்: மேடையின் அடியில் அல்லது மேடைக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலான சந்தில். உயரமான ரோபோவால் அடியில் போக முடியாது. அப்படியானால் அதற்கு இருப்பது சந்துதான். எதிரணியில் யார் உயரம், யார் குட்டை என்று ஆட்டத்துக்கு முன்பே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. அதே கோடியில்தான் உங்கள் கூட்டாளிகள் சிவப்பு ஸ்பீக்கரில் எறிந்துகொண்டிருப்பார்கள். அவர்களின் பாதையில் நீங்கள் நின்றால் எதிரணிக்கு உதவியவர் ஆவீர்கள். எந்தச் சந்து உங்களுடையது, எது அவர்களுடையது என்று முன்பே பேசி வையுங்கள்.

ஒவ்வொரு விளையாட்டிலும் இப்படி ஒரு குறுகலான இடம் இருக்கும். களத்தின் படத்தில் எதிரணி எடுக்கும் இடத்தையும் போடும் இடத்தையும் கோடுகளால் இணைத்துப் பாருங்கள். கோடுகள் நெருங்கும் இடத்தைத் தேடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியேயும், உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்திலும் இருந்தால் அங்கே நில்லுங்கள்.

படி 6: தொடும் விதம்

ஓடிவந்து முட்டுவது பார்க்கப் பரபரப்பாக இருக்கும். பலன் குறைவு, சேதம் இருவருக்கும். முதலில் போய் நின்று, எதிரி உங்கள்மேல் வந்து மோதும்படி விடுங்கள்.

பம்பர் பம்பரோடு தட்டையாகப் பொருந்தட்டும், எதிரியின் நடுப்பகுதியில். கோணலாகத் தொட்டால் ஸ்வெர்வ் ரோபோ உங்கள் மூலையைச் சுற்றி உருண்டு நழுவிவிடும். அப்படி நழுவிவிட்டால் ஒட்டிக்கொண்டே ஓடாதீர்கள். குறுக்குவழியில் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

எறிவதற்காக நின்று குறிபார்க்கும் ரோபோவுக்கு ஒரு சிறு தட்டல் போதும். பின்மூலையில் லேசாகத் தள்ளினால் அது சில பாகை திரும்பிவிடும். மறுபடி குறிபார்க்க ஒன்றிரண்டு வினாடி. அவ்வளவுதான் உங்களுக்கு வேண்டியது. கிரெசெண்டோவில் 5 புள்ளி நேரம் 10 வினாடி மட்டுமே என்பதால், அந்தப் பத்து வினாடிக்காக மற்ற நேரத்தில் பேட்டரியைச் சேமித்து வைப்பதுகூடச் சரியான உத்தி. எதிரணி ஆம்பில் முதல் நோட் விழுந்ததுமே களப் பயிற்சியாளர் ஓட்டுநருக்குச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் ரோபோவில் வெளியே நீளும் கருவி ஏதாவது இருந்தால், மறிக்கும் நேரம் முழுவதும் அது உள்ளே மடங்கி இருக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் உள்ளே போகும்படி நிரல் எழுதுங்கள்.

கடைசி 20 வினாடிக்குச் சற்று முன்பே மறிப்பதை விட்டுக் கிளம்புங்கள். கிரெசெண்டோவில் மேடையின் கீழ் வந்து நின்றாலே 1 புள்ளி. அந்த ஒரு புள்ளியில் முடிவான ஆட்டங்களும் உண்டு.

படி 7: யாரை மறிப்பது?

எதிரணியின் மிகச் சிறந்த ரோபோவை என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மிகச் சிறந்த ரோபோவின் ஓட்டுநர் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மறிப்பவர்களைச் சமாளித்துப் பழகியவர். உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இரண்டாம் ரோபோ ஒரே இடத்தில் நின்று நிதானமாகக் குறிபார்ப்பதாக இருந்தால், அதனிடமிருந்து நீங்கள் பறிக்கும் நொடிகள் அதிகம். நொடிக்கு எத்தனை புள்ளி இழக்கச் செய்யலாம் என்ற அதே கணக்கைத்தான் இங்கும் போட வேண்டும்.

தகுதிச் சுற்றில் இன்னொன்றையும் எடை போடுங்கள். அங்கே வெற்றிக்கு மட்டுமின்றி, குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டுவதற்கும் தரவரிசைப் புள்ளி உண்டு. கிரெசெண்டோவில் வழக்கமான போட்டிகளில் 18 நோட் போட்டால் ஒரு கூடுதல் புள்ளி. உங்கள் கூட்டணி அந்த 18ஐ நெருங்கும் ஆட்டத்தில், நீங்கள் போடும் இரண்டு நோட்டும் வேண்டியிருக்கலாம். கூட்டாளிகளிடம் கேளுங்கள்: "நாங்கள் மறிக்கட்டுமா, எறியட்டுமா?" அவர்கள் சொல்வதை ஒட்டி முடிவெடுங்கள். தகுதிச் சுற்று முழுவதும் மறித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. சில ஆட்டங்களில் நன்றாக மறித்துக் காட்டினால் போதும்.

படி 8: தேர்வாகும் வழி

புதிய அணிக்குத் தடுப்பாட்டம் தரும் மிகப் பெரிய கதவு இங்கேதான் திறக்கிறது.

தகுதிச் சுற்று முடிந்ததும் எட்டுக் கூட்டணித் தலைவர்கள் தங்கள் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் சுற்றில் 1 முதல் 8 வரை. இரண்டாம் சுற்றில் திரும்பி 8 முதல் 1 வரை. ஆகவே முதலிடத்துக் கூட்டணி தன் மூன்றாவது ரோபோவை எல்லாருக்கும் கடைசியில், பதினாறாவது தேர்வாக எடுக்கிறது. அப்போது நன்றாக எறியும் ரோபோக்கள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஏற்கெனவே அவர்களிடம் எறிவதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அரைகுறையாக எறியும் மூன்றாவதைவிட, தவறு செய்யாமல் மறிக்கும் ஒரு ரோபோ அவர்களுக்கு மேல். தரவரிசையில் அடியில் இருக்கும் ஒரு முதலாண்டு அணி, அரங்கின் மிக வலுவான கூட்டணியில் இடம்பிடிப்பது இப்படித்தான்.

ஆனால் அவர்கள் உங்களைக் கவனிக்க வேண்டுமே! போட்டி முடிவுகளைத் தொகுக்கும் தி புளூ அலையன்ஸ் தளத்தில் எல்லாரும் பார்க்கும், ஓபிஆர் எனப்படும் தாக்குதல் திறன் மதிப்பீடு போன்றவை, கூட்டணி எடுத்த புள்ளியிலிருந்து கணக்கிடப்படுபவை. எதிரணியை எடுக்கவிடாமல் செய்த புள்ளி அதில் வராது. நன்றாக மறிக்க மறிக்க உங்கள் எண் தாழ்ந்தே தெரியும். ஆகவே நீங்களேதான் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள். ரோபோவின் எடை, சக்கரம், மோட்டார். எந்தெந்த ஆட்ட எண்களில் மறித்தீர்கள். அந்த ஆட்டங்களில் நீங்கள் மறித்த ரோபோ எத்தனை போட்டது, அதன் வழக்கமான சராசரி என்ன. உங்களால் வந்த ஃபவுல்கள் எத்தனை. கடைசி எண் பூச்சியமாக இருந்தால் அதைப் பெரிதாக எழுதுங்கள். தேர்வுக்கு முந்தைய மாலை, மேலிடத்து அணிகளின் பணிமேசைக்குப் போய், மற்ற அணிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் அவர்களின் ஸ்கவுட்டிங் பொறுப்பாளரைக் கேட்டு அந்தத் தாளைக் கொடுங்கள். "நாளை காலை எங்கள் முதல் ஆட்டத்தைப் பாருங்கள், அதில் மறிக்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். இரவில் பட்டியல் போடும்போது அவர்களுக்கு இப்படியொரு தாள்தான் தேவைப்படும்.

இன்று நீங்கள் மறித்த அணியே நாளை உங்களைத் தேர்ந்தெடுக்கும் தலைவராக இருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் போய்க் கைகுலுக்குங்கள். அவர்கள் ரோபோவில் ஏதாவது உடைந்திருந்தால் உங்கள் கருவிப்பெட்டியோடு போய் நில்லுங்கள்.

படி 9: பிளே ஆஃப்

2023 முதல் பிளே ஆஃப் இரட்டை வெளியேற்ற முறையில் நடக்கிறது. ஒரு தோல்வியைத் தாங்கலாம், இறுதிச் சுற்று மூன்றில் இரண்டு. தரவரிசைப் புள்ளி இங்கே இல்லை, வெற்றி மட்டுமே. அதனால் தடுப்பாட்டம் இங்கே முழு மதிப்புப் பெறுகிறது. எதிரணியும் உங்கள் கூட்டணியின் சிறந்த ரோபோவுக்கு ஒரு தடுப்பாளரை அனுப்பும். அப்போது உங்கள் வேலை மாறலாம்: அந்தத் தடுப்பாளருக்கும் உங்கள் எறிபவருக்கும் நடுவே நின்று வழி ஏற்படுத்திக் கொடுப்பது. இதைத் தலைவரோடு முன்பே பேசி, ஒரு சொல்லைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் நீண்ட விளக்கத்துக்கு நேரமில்லை.

உலகச் சாம்பியன்ஷிப்பில் கூட்டணிக்கு நான்கு அணிகள். அங்கே நான்காவது அணியாக, தேவைப்படும் ஆட்டத்தில் மட்டும் இறங்கும் தடுப்பாளருக்கு இடம் உண்டு.

படி 10: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு

மறிக்கும் ரோபோ மற்றவற்றைவிட அதிகம் அடிவாங்கும். பிளே ஆஃபில் அடுத்த ஆட்டம் சில நிமிடங்களில் வந்துவிடும், ஆகவே வரிசையைப் பழக்கமாக்குங்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள். மோட்டாரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் விசிறி வைத்து ஆறவிடுங்கள். பம்பர் தாங்கிகள், பிறகு சக்கர அச்சின் போல்ட்டுகள், பிறகு சங்கிலி அல்லது பெல்ட்டின் தளர்ச்சி. ரேடியோ, ரோபோரியோ, மோட்டார்களுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் கேன் வயர் ஆகியவற்றின் முனைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ரோபோவை மேசைமேல் தூக்கி வைத்துச் சக்கரங்களை முன்னும் பின்னும் சுழற்றிச் சத்தத்தைக் கேளுங்கள். கியர் பல் உடைந்திருந்தால் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். இதற்குள் களப் பயிற்சியாளர் அந்த ஆட்டத்தில் எதிரி எத்தனை முறை நழுவினான், எந்தப் பக்கம் நழுவினான் என்பதைத் தாளில் குறித்து ஓட்டுநரிடம் காட்டியிருக்க வேண்டும்.